இடது கைக் கத்தரி

மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் எங்களுக்கு அறுபது நாற்காலி.

பல்கலைக்கழகத்துக் கலை அருங்காட்சியகத்தில் நான் தூக்கி வைக்கிற வேலை பார்க்கிறேன். ஓவியம் வந்தால் தூக்கி வைப்பேன். சிலை வந்தால் தூக்கி வைப்பேன். அவற்றைப் பார்க்க ஆள் வரப்போகிறார்கள் என்று யாராவது நம்பினால் நாற்காலி தூக்கி வைப்பேன். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. என் முதுகெலும்பில் கீழிருந்து நாலைந்து கண்ணிகள் இந்தக் கட்டடத்துக்கே சொந்தம்.

முதல் சனிக்கிழமைக்குச் ‘சமூக நாள்’ என்று பெயர். அன்றைக்குச் சமூகம் வரும், களிமண் பிசையும், காகிதம் கிழித்து ஒட்டும், வட்டமாக உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேசும் என்று ஏற்பாடு. நாற்காலிகளை வரிசையாகப் போடக் கூடாது. வரிசை என்றால் அதிகாரமாம். வட்டம் என்றால் சமத்துவமாம். அறுபது நாற்காலியை வரிசையாகப் போட இருபது நிமிஷம் போதும், வட்டமாகப் போட ஒரு மணி நேரம். அந்தக் கூடுதல் நாற்பது நிமிஷம் யாருக்கும் யாருக்கும் நடுவே சமத்துவம் என்று நான் கேட்டதில்லை. வருகிறவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் பட்டறை நடத்துகிறவரின் மாணவர்கள், இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மீதி ஐம்பத்தோரு நாற்காலியும் சமத்துவமாகக் காலியாக இருக்கும்.

நான் எழுத்துக் கற்றது நாற்பத்திரண்டாம் வயதில். பக்கத்துக் கட்டடத்தில் வேலையாட்களுக்காக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வகுப்பு நடந்தது. எழுத்தை அங்கே கற்றேன். கூட்டிப் படிக்கப் பழகியது இங்கே, சுவரில் ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டைகளில். முதன்முதலாக நான் முழுசாகப் படித்து முடித்த வாக்கியம், ‘இங்கே வெறுமை தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறது’ என்பது. அண்ணாந்து ஓவியத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. இத்தனை வருஷம் இதைப் படிக்க முடியவில்லையே என்றா ஏங்கினோம் என்று தோன்றியது. ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டேன்.

போகட்டும். கத்தரிக்கோல் கதைக்கு வருகிறேன்.

பட்டறைகளுக்குப் பொறுப்பான ஒரு பெண் இருக்கிறாள். அவள் அறைக் கதவில் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருக்கும். சின்ன வயது, நல்ல பெண்தான். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அந்த அண்ணாவை அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எதையாவது தூக்க வேண்டியிருக்கும். ஒருநாள் வந்து நின்றாள்.

“அண்ணா, வர்ற சனிக்கிழமை ஒரு பட்டறை. ‘பொருளும் நானும்’னு பேரு. வாழ்க்கையோட ஒட்டின ஒரு பொருளக் கொண்டுவந்து அதப் பத்திப் பேசணும். உங்க வீட்ல இருக்கறவங்களக் கூட்டிட்டு வாங்களேன்.”

“எங்க வீட்லயா? எதுக்கும்மா?”

“நீங்கதானே அண்ணா சமூகம்!”

பதினாறு வருஷமாக நாற்காலி போட்டுக் காத்திருந்தது எனக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் மனைவி தையல் கடையில் துணி வெட்டுகிறவள். தைக்கிறவள் இல்லை, வெட்டுகிறவள். இந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தைத்தது கோணினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டினது கோணினால் துணி போச்சு. அதனால் கடையில் வெட்டு மேசைக்குத்தான் மரியாதை. அந்த மேசைக்குப் பக்கத்தில் பெண்களை விடமாட்டார்கள். இவள் ஒன்பது வருஷம் மூலையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். காரணம் பெண் என்பது மட்டும் இல்லை. இவளுக்கு இடது கை. எல்லாக் கத்தரிக்கோலும் வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. இடது கையால் பிடித்தால் இரண்டு அலகும் விலகிக்கொள்ளும், துணி நடுவில் மடங்கிச் சப்பிப் போகும், கோடும் கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு சாணைக்காரர் பழைய கத்தரிகள் இரண்டைப் பட்டறையில் காய்ச்சி அடித்து, எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, இவள் கைக்கென்று ஒன்று செய்து கொடுத்தார். கறுப்புக் கைப்பிடி, நல்ல கனம். அதை வைத்து எட்டு மடிப்புத் துணியை இவள் ஒரே வீச்சில் வெட்டிக் காட்டிய அன்று கடை மாஸ்டர் வெட்டின விளிம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் மேசை இவளுக்கு. அந்தக் கத்தரியை ஒருநாளும் கடையில் விட்டுவிட்டு வரமாட்டாள். வேறு ஆள் வலது கையால் எடுத்து இரண்டு வெட்டு வெட்டினால் பிடி கெட்டுவிடும் என்பாள்.

அந்தச் சனிக்கிழமை கடையில் அரை நாள். நேராகக் கைப்பையோடு வந்தாள். பொருள் எங்கே என்று கேட்டதற்குக் கத்தரியை எடுத்து நடுவில் வைத்தாள். வேறு எதுவும் பையில் இல்லை, சாப்பாட்டு டப்பாவைத் தவிர.

அவள் பேசுவதற்கு முன்னால் ஒரு பேராசிரியர் தன் பழைய பேனாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். இவள் மூன்று நிமிஷத்தில் முடித்தாள். “இது வந்த பிறகுதான் நான் மேசைக்கு வந்தேன். அவ்ளோதாங்க.” ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் கத்தரியைச் சுற்றி நின்று, சிங்கக் குட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். இங்கேதான் என் குற்றம் வருகிறது. மனைவி ஐந்தாவது வரைக்கும் படித்தவள், அவளே படித்திருப்பாள். நான்தான் கையை நீட்டி வாங்கினேன். அத்தனை பேர் நடுவில் ஒரு தாளை வாங்கி வாய்விட்டுப் படிக்க எனக்கு ஆசை. முன்பக்கம் முழுக்க ஒரு எழுத்து விடாமல் படித்தேன். படம் எடுக்க அனுமதி, பேச்சைப் பதிவு செய்ய அனுமதி. படித்து முடிக்கும்போது தொண்டை வற்றிவிட்டது. தாளைத் திருப்பப் போனேன்.

“பின்னாடி ஒண்ணும் இல்ல அண்ணா, வழக்கமா இருக்கறதுதான்” என்றாள் அந்தப் பெண். “படம் எடுக்கறவர் நாளைக்குக் காலைல வர்றார், கத்திரி இங்கயே இருக்கட்டும். திங்கக்கிழமை உங்ககிட்டயே குடுத்துடறேன்.”

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை எனக்கு வந்த முதல் வேலை: தரைத்தளக் கூடத்தில் ஒரு பீடத்துக்குக் கண்ணாடி மூடி போட வேண்டும். நாலு மூலையிலும் நாலு திருகாணி. மூன்றாவது திருகாணியை முடுக்கும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வெள்ளைத் துணி மேல், பஞ்சு வைத்து, விளக்குப் போட்டு, என் பெண்டாட்டியின் கத்தரிக்கோல். வெள்ளை நூலில் ஒரு சின்ன அட்டை கட்டி அதில் எண் எழுதியிருந்தார்கள்.

பொருட்களுக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிற அதிகாரி ஒருத்தர் இருக்கிறார். எந்நேரமும் வெள்ளைக் கையுறை. தேநீர்கூட அதோடுதான் குடிப்பார் என்பது எங்கள் கணிப்பு. எங்களுக்குள் அவருக்குக் கையுறை என்றே பெயர். ஓடினேன்.

“சார், அந்தக் கத்திரி எங்க வீட்டோடது. இன்னிக்குத் திருப்பித் தரணும்.”

“எது? ஓ, அதுவா. பதிவாயிடுச்சே.”

“பதிவானா என்ன சார்? எடுத்துக் குடுங்க.”

கையுறை என்னைப் பார்த்துச் சிரித்தார், ஓவியத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டவனைப் பார்ப்பதுபோல. படிவத்தை எடுத்தார், திருப்பினார். பின்பக்கம் மூன்றாவது வரி. மேற்படி பொருளை அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்புக்கு மனமுவந்து அளிக்கிறேன்.

“கடன் குடுக்கறதுக்கு வேற படிவம் இல்லையா சார்?”

“சமூகப் பட்டறைக்கு இந்த ஒரு படிவம்தான். யாருமே திருப்பிக் கேட்டதில்லையே. நினைவுப் பொருள்தானே கொண்டு வருவாங்க.”

“இது நினைவு இல்ல சார். இதுல முந்தாநாள் வரைக்கும் துணி வெட்டினா.”

“இப்ப வெட்ட முடியாது. தொகுப்பிலேர்ந்து ஒரு பொருள நீக்கணும்னா குழு கூடணும். குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடும். போன வாரம்தான் கூடிச்சு.”

ஆண்டறிக்கை அன்று மத்தியானம் போக வேண்டியிருந்ததாம். ‘சமூகத்திடமிருந்து பெறப்பட்ட பொருட்கள்’ என்ற இடத்தில் பூஜ்யம் போட அவர்களுக்குக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து கத்தரியை ஏற்றியிருக்கிறார்கள். என் வேலைச் சட்டை கிழிந்து ஏழு மாதமாகப் புதுச் சட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் இந்த வேகம் வருவதில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“படிச்ச மனுஷன்! ஊரக் கூட்டி வெச்சு ராகம் போட்டுப் படிச்சீங்களே. தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு உங்க வகுப்புல சொல்லிக் குடுக்கலையா?”

“திருப்பத்தான் போனேன். அந்தப் பொண்ணு…”

“அந்தப் பொண்ணு சொன்னா கிணத்துலயும் குதிப்பீங்க.”

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருந்தது. கடையில் சீருடைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கடைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தாள். இடது கையில் பிடித்தால் மடிப்பு நழுவியது. வலது கையில் பிடித்தால் கோடு நழுவியது. பதினாலு அரைக்கால் சட்டையில் ஒரு கால் அகலம், ஒரு கால் ஒடுக்கம். கட்டைவிரல் அடியில் கொப்புளம். புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை காலைக்குள் நூற்று அறுபது உருப்படி வெட்டி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசை அவர் மச்சானுக்கு. இவள் பழையபடி மூலைக்கு, பொத்தானுக்கு. மச்சான் ஏற்கெனவே மேசை பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைக்க ஆரம்பித்துவிட்டானாம்.

“ஒன்பது வருஷம் அந்த மூலைல உக்காந்தேன்” என்றாள். அன்றைக்குத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

நான் இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கடிதம். இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் அதற்கே போயிற்று. ‘ஐயா, கண்ணாடிக்குள் இருக்கும் கத்தரி காட்சிக்கு உள்ளது அல்ல. அது என் மனைவியின் வேலைக்கு உள்ளது. அவளுக்கு இடது கை. வேறு கத்தரி அவள் கைக்கு ஆகாது. அது இல்லாவிட்டால் அவளுடைய மேசை போய்விடும். தயவுசெய்து திருப்பித் தாருங்கள்.’ பெரிய பெரிய எழுத்தில் அவ்வளவுதான். வியாழக்கிழமை மத்தியானம் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மெல்லிய குரல் அவருக்கு. உட்காரச் சொன்னார். பதினாறு வருஷத்தில் அந்த நாற்காலியை நூறு தடவை தூக்கியிருக்கிறேன், உட்கார்ந்தது அன்றுதான்.

“நான் படிச்சேன்” என்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ரெண்டு தடவை படிச்சேன். எவ்வளவு நேரடியான குரல்! இப்படி ஒரு எழுத்துக்காகத்தான் நாங்க இவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருந்தோம்.”

“அப்ப கத்திரிய…”

“பாருங்க, ஒரு பொருள் பயன்பாட்டிலேர்ந்து விடுபட்டு அர்த்தத்துக்குள்ள நுழையற தருணம் ரொம்ப வலி நிறைஞ்சது. அந்த வலி உங்க கடிதத்துல இருக்கு.”

“வலி அவ கட்டைவிரல்லதான் சார் இருக்கு. கத்திரியக் குடுத்தா சரியாப் போயிடும்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “இதையும் நீங்க எழுதணும்” என்றார்.

மத்தியானம் எனக்கு வேலை வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சட்டம் மாட்ட வேண்டும், கண் மட்டத்துக்கு. என் கடிதம். நானே மட்டம் பார்த்து, நானே துளை போட்டு, நானே மாட்டினேன். கீழே அட்டையில் ‘சமூகத்தின் குரல்’ என்று இருந்தது. கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று பார்த்தேன். இரண்டு மாணவிகள் வந்தார்கள். ‘தயவுசெய்து திருப்பித் தாருங்கள்’ என்று ஒருத்தி மெதுவாகப் படித்தாள். “எவ்ளோ அழகா இருக்குல்ல?” என்றாள் மற்றவள். கடிதத்தோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடி அங்கேயே இருந்தது. நாலு திருகாணியும் அங்கேயே இருந்தன.

அன்று சாயங்காலம் ஒருங்கிணைப்பாளர் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். மறுநாள் துணைவேந்தர் வருகிறார், உடனடியாக ஒரு நிகழ்ச்சி வேண்டும். “அக்காவ வரச் சொல்லுங்க அண்ணா! அந்தக் கத்திரியால பார்வையாளர் முன்னாடி ஒரு துணிய வெட்டிக் காட்டணும். ‘பொருள் பேசுகிறது’னு தலைப்பு வெச்சிருக்கேன். இயக்குநர் சரின்னுட்டார். கையுறை போட்டுக்கிட்டா தொடலாம்.”

மனைவியிடம் சொன்னேன். மூஞ்சியில் அடித்தாற்போல் மறுப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தாள்.

“ஒரு துணிதான் வெட்டணும்னு சொன்னாங்களா?”

“ஒண்ணு வெட்டினாப் போதும்னு.”

“ஒண்ணுக்கு மேல வெட்டக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

“அப்படிச் சொல்லல.”

“எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

மறுநாள் பத்து மணிக்கு நானும் அவளுமாகக் கடையிலிருந்து தள்ளுவண்டியில் நீலத் துணிக் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தோம். மாஸ்டர், “ஒரு முழம் குறைஞ்சாலும் உன் தலைய எடுத்துடுவேன்” என்று சொல்லித்தான் விட்டார். கட்டு அவிழ்க்கவும் நூல் அறுக்கவும் என்று கடைக் கத்தரி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதுவும் கறுப்புக் கைப்பிடிதான், ஏறக்குறைய அதே அளவு. என்னை அதை வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

கூடத்து நடுவில் பெரிய மேசை போட்டேன். சுற்றிலும் வட்டமாக அறுபது நாற்காலி. நாலு திருகாணியையும் கழற்றினேன். கையுறை ஒரு தட்டில் கத்தரியை ஏந்திக்கொண்டு வந்தார், பிரசவ அறையிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருவதுபோல. அவளுக்கும் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார். போட்டாள். கத்தரியைப் பிடித்தாள். வழுக்கியது. கையுறையைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தாள். எண் அட்டை துணியில் இடித்தது. நூலை அவிழ்த்து, “இத வெச்சுக்குங்க” என்று என்னிடம் கொடுத்தாள்.

“அட்டையப் பொருளிலேர்ந்து பிரிக்கவே கூடாது!” என்று கையுறை பாய்ந்தார்.

“விடுங்க” என்றார் இயக்குநர் மெல்லிய குரலில். “இது நிகழ்த்துகலை.”

மனைவி துணியை எட்டு மடிப்பு போட்டாள், அளவு அட்டை வைத்துச் சாக்பீஸால் கோடு இழுத்தாள், வெட்டினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்டு மடிப்பும் ஒன்றாக அறுபடுகிற சத்தம், கடுக்கென்று கனமாக இருக்கும். ஒரு வாரமாக அந்தச் சத்தம் இல்லாமல் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் அடுக்கு வெட்டி முடித்ததும் கைதட்டினார்கள். இரண்டாவதுக்கும் தட்டினார்கள். ஐந்தாவதுக்கு ஒருத்தர் மட்டும் தட்டினார். துணைவேந்தர் பதினொரு மணிக்கு வந்து, நாலு நிமிஷம் நின்று, “உழைப்பே ஓவியம்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். இவள் தலை நிமிரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் பெண் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டினாள். “அக்கா, இந்தப் பொருளோட நீங்க மறுபடியும் சேரும்போது உள்ளுக்குள்ள என்ன தோணுது?”

“இடுப்பு வலிக்குதும்மா.”

“அதாவது, உடல் நினைவு…”

“அந்த ஓரத்தப் பிடிச்சுக்கோ. நல்லா இழுத்துப் பிடி. ஆங், அப்படித்தான்.”

பாவம், அந்தப் பெண் மூன்று மணி வரைக்கும் ஓரம் பிடித்தாள். இந்தக் கட்டடத்தில் அவள் செய்து நான் பார்த்த ஒரே வேலை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பிடித்தாள்.

இயக்குநருக்கும் ஆசை வந்தது. தானும் ஒரு வெட்டு வெட்டிப் பார்க்கட்டுமா என்றார். இவள் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தாள். வலது கையால் பிடித்தார். துணி மடங்கி அலகுக்குள் சப்பிக்கொண்டது. மறுபடி முயன்றார், மறுபடி சப்பியது. “எதிர்க்குது” என்றார் வியப்போடு. “இந்தப் பொருள் என்னையே எதிர்க்குது!” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். கத்தரி இடது கைக்காரியுடையது என்று பெட்டிக்குப் பக்கத்துச் சுவர் அட்டையில் எழுதியிருக்கிறது, அவர்கள் எழுதியதுதான், அவர் எதிரிலேயே இருக்கிறது.

நான் கட்டுகளை அவிழ்த்தேன், வெட்டியதை அடுக்கினேன், நூலால் கட்டினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு நூற்று அறுபது உருப்படியும் வண்டியில் ஏறிவிட்டது. அறுபது நாற்காலியும் காலி.

கையுறை தட்டோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். யாரோ கூப்பிட அந்தப் பக்கம் திரும்பினார். மனைவி தன் கத்தரியை ஒரு தரம் துணித் துண்டில் துடைத்தாள்.

“அந்தக் கத்திரிய இப்படிக் குடுங்க” என்றாள் என்னிடம், உப்பு டப்பாவை எடுங்கள் என்பதுபோல.

கொடுத்தேன்.

“அட்டைய.”

கொடுத்தேன். கடைக் கத்தரியின் கைப்பிடியில் வெள்ளை நூலைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். மேசை ஓரத்தில் தான் கழற்றி வைத்திருந்த வெள்ளைக் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பக்தியாகத் தட்டில் வைத்தாள். தன்னுடையதைச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் தள்ளினாள்.

கையுறை வந்து எண்ணைச் சரி பார்த்தார். சரியாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துத் துரு பார்த்தார். பெட்டிக்குக் கொண்டுபோய், முன்பு இருந்த மாதிரியே வைக்க வேண்டும் என்று பதிவுப் படத்தைக் கையில் எடுத்தார். வைத்தார். படத்தைப் பார்த்தார். எடுத்துப் புரட்டி வைத்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

நான் திருகாணிகளைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றேன். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். போகலாம், போகவில்லை. இப்போது போனால் சந்தேகம் வரும் என்று நினைத்திருப்பாள்.

வலது கைக் கத்தரியை எப்படிப் புரட்டினாலும் அது வலது கைக் கத்தரிதான். கையுறை நாலு தடவை புரட்டினார். மேல் அலகு படத்தில் ஒரு பக்கம் இருந்தது, பெட்டியில் மறுபக்கம் இருந்தது. நெற்றி வியர்த்தது அவருக்கு. எனக்கும்தான்.

“சே!” என்றார் கடைசியில். “இந்தப் படம் எடுத்தவன் இருக்கானே! இடம் வலமா மாத்தி அச்சுப் போட்டிருக்கான். கவனமே கிடையாது.”

“அப்படியா சார்?” என்றேன். என் குரல் எங்கேயோ கேட்டது.

“நீயே பாரேன். கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்குல்ல?”

“ஆமா சார். அப்படியே கண்ணாடியில பாக்கற மாதிரிதான் இருக்கு.”

அங்கேயே கணினியில் படத்தைத் திருப்பிப் போட்டு வேறு அச்சு எடுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இப்போது அச்சு அசலாகப் பொருந்தியது. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பதிவேட்டில், ‘புகைப்படக் கலைஞரின் பிழை திருத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மூடியை வைத்து நாலு திருகாணியையும் முடுக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே முடுக்கினேன்.

வெளியே வந்து வண்டியைத் தள்ளும்போது கேட்டேன். “கண்டுபிடிச்சிருந்தா?”

“யாரு?”

“அவங்கதான்.”

“அதுக்கு அவங்க யாராவது ஒரு நாளாவது ஒரு துணிய வெட்டியிருக்கணும்” என்றாள். “வண்டிய நேராத் தள்ளுங்க. மடிப்பு கலையுது.”

திங்கட்கிழமை காலை அவள் போகும்போது மச்சானின் செருப்பு மேசைக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். காலால் வாசல் வரைக்கும் தள்ளிவிட்டு மேசையில் துணியை விரித்தாளாம். கடைக் கத்தரி ஒன்று குறைகிறதே என்று மாஸ்டர் கேட்டதற்கு, அது பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கௌரவமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

பெட்டி இன்னும் தரைத்தளக் கூடத்தில்தான் இருக்கிறது. சமூக நாளில் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். பேராசிரியர் ஒருவர், ‘இந்த அலகின் அமைப்பைக் கவனியுங்கள், இடது கைக்கே உரிய வளைவு’ என்று விளக்குகிறார். கவனிக்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். பக்கத்தில் என் கடிதம், தயவுசெய்து திருப்பித் தாருங்கள் என்று இன்னமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் மேல் தூசி படிந்தால் நான்தான் துடைக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்துக் குழு கூடியது. வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த முறை இரண்டு பக்கமும் படித்தேன். மேற்படி கத்தரிக்கோலின் ஈடு இணையற்ற தன்மையைக் கருதி அதைத் தொகுப்பிலிருந்து நீக்க இயலாது என்று குழு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது, தங்கள் புரிதலுக்கு நன்றி.

பின்பக்கம் வெறும் தாள்.

மனைவி வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். “நல்ல தாளு. கெட்டியா இருக்கு” என்றாள். சாக்பீஸை எடுத்து முத்திரைக்குக் குறுக்கே கோடு போட்டாள். பையிலிருந்து கத்தரியை எடுத்து, அந்தத் தாளில் ஆறு வயசுப் பிள்ளைச் சட்டைப் பைக்கு ஒரு அளவு வெட்டிக்கொண்டாள்.